எல்லா வாசலுக்கும் ஒரு தடம்

மழை பொய்த்தால் ஊர் உலகமெல்லாம் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும். பருந்தக்கா வேலை பார்த்த அலுவலகத்தில் மட்டும் அப்போதுதான் முகங்கள் மலரும். காரணம் எளிது. மழை இல்லையென்றால் மேகம் இல்லை. மேகம் இல்லையென்றால் செயற்கைக்கோள் அனுப்புகிற படம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருக்கும். செழிப்பான வருடங்களில் படத்தில் பாதிக்குமேல் பஞ்சுப் பொதிதான். அடியில் இருப்பது பயிரா புதரா என்று கடவுளுக்கே வெளிச்சம். வறட்சி முற்ற முற்றப் படம் தெளியும். நிலம் சாகக் கிடக்கும்போதுதான் அதன் முகம் சரியாகத் தெரியும் என்பது அந்தத் தொழிலின் முதல் முரண்.

இரண்டாவது முரண் நிறம். செடிகொடிகள் இருக்கிற இடம் அந்தப் படங்களில் சிவப்பாகத்தான் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியைப் பச்சை இலை அள்ளி வீசுகிறது, அதைக் காட்டுவதற்குச் சிவப்பைக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் இருக்கட்டும். இருபத்தைந்து வருடம் அதையே பார்த்ததில் பருந்தக்காவுக்குச் சிவப்பு என்றால் உயிர், சாம்பல் என்றால் சாவு என்று மனதில் பதிந்துபோயிற்று. ரத்தம் கண்டால் பதற மாட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களின் சாம்பல் நிறச் சீருடையைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்பாள்.

பருந்து என்ற பெயர் அலுவலகம் வைத்தது. மேலேயிருந்து பார்க்கிறவள் என்பதால். ஆனால் பருந்து தேடுவது உயிருள்ள கோழிக்குஞ்சை. இவள் தேடியது செத்த வயலை. அந்தக் கணக்குப்படி பிணந்தின்னிக் கழுகு என்றுதான் வைத்திருக்க வேண்டும். வயதுக்கு மரியாதை கொடுத்துப் பருந்தோடு நிறுத்திக்கொண்டார்கள். வந்த வரன்களையெல்லாம் எட்டத்திலிருந்தே பார்த்து இவளே ரகம் பிரித்துவிட்டதால் கல்யாணம் நடக்கவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு வீடு, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும்.

வேலை இதுதான். ஒவ்வொரு பருவத்துக்கும் வருகிற படத்தைப் போன வருடத்துப் படத்தோடு ஒப்பிட்டு, எந்த நிலம் எதுவாக மாறியிருக்கிறது என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவது. பயிர், தரிசு, புதர், நீர், குடியிருப்பு. பஞ்சம் வந்தால் இவை வரிசையாக இடம் மாறும். பயிர் தரிசாகும், தரிசு பொட்டலாகும், ஏரி பொட்டலாகும். கடைசியாக மாறுவது குடியிருப்பு. அது மாறினால் 'கைவிடப்பட்டது' என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல் விழுந்த ஊருக்குத் தண்ணீர் லாரி போகாது. ஆளில்லாத ஊருக்குத் தண்ணீர் எதற்கு? நியாயம்தான்.

இத்தனை பரப்பையும் ஒரு மனுஷி பார்த்துத் தீராது. கம்ப்யூட்டர்தான் பார்க்கும். ஆனால் அதற்குச் சொந்த புத்தி கிடையாது. மாதிரி காட்ட வேண்டும். 'இதோ பார், இதுதான் பயிர், இதுதான் தரிசு' என்று சில இடங்களைச் சுட்டிக்காட்டினால், மிச்ச நாட்டையெல்லாம் அதை வைத்து அளந்துகொள்ளும். மாதிரி இடம் நேரில் தெரிந்த இடமாக இருக்க வேண்டும் என்பது விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'ஆள் வாழும் ஊர்' என்பதற்கு ஒரு மாதிரி கேட்டார்கள். அவளுக்கு நேரில் தெரிந்த ஊர் ஒன்றே ஒன்று, மேட்டுநிலத்தில் அவள் பிறந்த சிற்றூர். அதைக் கொடுத்தாள். அப்போது அங்கே கிணற்றில் தண்ணீர் இருந்தது, வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்குள் சண்டை இருந்தது. வாழும் ஊருக்கு வேறென்ன லட்சணம்?

பிறகு கிணறு வற்றியது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. அங்கேயே இருந்த அவள் தம்பியின் மனைவிகூட மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி மட்டும் நகரவில்லை. மாதிரியை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே கம்ப்யூட்டர் வருடா வருடம் அந்த ஊரை அந்த ஊரோடேயே ஒப்பிட்டு 'வாழ்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. கேள்வித்தாளே உட்கார்ந்து பரீட்சை எழுதினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்? அதோடு நிற்கவில்லை. அதைப்போலவே உலர்ந்து உதிர்ந்த ஊர்களையெல்லாம் அது 'வாழ்கிறது' பட்டியலில் சேர்த்தது. ஒரு நாள் தண்ணீர் லாரி ஓர் ஊருக்குப் போய், ஒவ்வொரு கதவிலும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் குட்டு உடைந்தது.

பிரிவுத் தலைவருக்கு 'சராசரி' என்று பெயர். எதைக் கேட்டாலும் சராசரி என்ன என்பார். அவர் மாதிரியை மாற்றச் சொன்னார். நல்ல தண்ணீர் வசதியுள்ள ஓர் ஊர் புது மாதிரியானது. அன்றைக்கே கம்ப்யூட்டர் மேட்டுநிலத்துச் சிற்றூரைக் கைவிடப்பட்டது என்று கறுப்பாகத் தீட்டியது. பருந்தக்கா ஒரு கையெழுத்துப் போட்டால் லாரி நின்றுவிடும்.

"தம்பி இருக்கான் சார் அங்க," என்றாள்.

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஃபோன்ல பேசினீங்களா?"

"டவருக்குக் கரண்ட் இல்ல சார். செத்துப்போய் ரொம்ப நாளாச்சு." சொன்ன பிறகு டவர் என்று ஒருமுறை சேர்த்துச் சொன்னாள். "டவர்."

"அப்போ இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"அவன் எங்கயும் போற ஆள் இல்ல சார்."

"அது ஆதாரம் இல்ல மேடம். அது குணம்."

சராசரி பொல்லாதவர் இல்லை. கூர்மையான படம் ஒன்று வாங்கித் தந்தார். வழக்கமான படத்தில் ஒரு வீடு ஒரு புள்ளி. இதில் கூரையும் அதில் விழுந்த ஓட்டையும்கூடத் தெரியும். பருந்தக்கா கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள்.

அவளும் தம்பியும் கடைசியாகப் பேசியது சண்டையில். நகரத்துக்கு வா என்றாள். "மேலேயிருந்து பார்த்துப் பார்த்து என்னத்தக் கிழிச்ச? நான் உன் படத்துல தெரியறனா?" என்றான். ஆள் தெரியாது என்றாள். ஒருத்தன் நிற்பதும் போவதும் அவ்வளவு உயரத்துக்குத் தெரியாது. திரும்பத் திரும்பச் செய்வதுதான் தெரியும், உழுத வயல், கட்டின வீடு, நடந்த பாதை. "அப்போ நடக்கிறேன், பார்த்துக்கோ," என்று ஃபோனை வைத்தான்.

நடந்திருந்தான். ஊர் முகப்பில் லாரி நிரப்புகிற சிமெண்ட் தொட்டி. அதிலிருந்து அவர்கள் வீட்டு வாசலுக்கு வெள்ளை நூல் ஒட்டினாற்போல ஒற்றையடித் தடம். மேட்டுநிலத்துப் புழுதிக்கு ஒரு குணம் உண்டு. மிதித்தால் வெளுக்கும், சில வாரம் மிதிக்காவிட்டால் காற்று அதை மூடிவிடும். இது புத்தம்புதுத் தடம். அது அவர்கள் வீட்டோடு நிற்கவில்லை. அங்கங்கே கிளை பிரிந்து, பூட்டிக்கிடந்த ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போயிற்று. ஊர் காலியாக இருந்தாலும் எல்லா வீட்டையும் போய்ப் பார்த்துக்கொள்கிறானே என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இவ்வளவு நல்ல புத்தி அவனுக்கு எப்போது வந்தது என்று ஆச்சரியமாகவும் இருந்தது. தொட்டியின் அருகே ஒரு சின்ன நிழல். நின்ற மனிதனின் நிழல்.

"ஆடா இருக்கும்," என்றார் சராசரி.

"ஆட்டு நிழல் இவ்வளவு நீளமா விழாது சார்."

"சரி, நேர்ல போய்ப் பார்த்துட்டு எழுதிக் கொடுங்க. ஜீப் கிடையாது. லாரியில போங்க."

தண்ணீர் லாரிக்காரர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அந்த வழியில் அவருக்குப் பேச்சுத்துணை கிடைப்பதில்லை. கண்ணாடிக்கு வெளியே, அவள் வருடக்கணக்காகத் தீட்டிய நிறங்கள் எல்லாம் ஒரே நிறமாகக் கிடந்தன. தரிசுக்கும் பொட்டலுக்கும் கோடு போட்டுப் பிரித்த இடத்தைத் தேடினாள். கோடு எங்கேயும் இல்லை.

"தம்பியப் பார்ப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ஊருக்குள்ள நான் எதுக்குப் போறேன்? குழாயத் திறந்தாத் தண்ணி விழப்போகுது. அவருதான் வருவாரு. வந்து, ஏன்டா லேட்டுன்னு திட்டுவாரு. நல்ல மனுஷன்."

"தொட்டி நிறைய ஊத்துவீங்களா?"

"நிறையத்தான். ஆனா மேடம், தப்பா நினைக்காதீங்க, ஒரு ஆளு அவ்வளவு தண்ணிய என்ன பண்றாரு? அடுத்த தடவ வந்தா ஒரு பொட்டு இருக்காது. ஒழுகுதோன்னு நானே உள்ள இறங்கிச் சிமெண்ட் பூசிட்டு வந்தேன். ஒழுகல."

"வெயில் குடிச்சிருக்கும்."

"குடிக்கும் குடிக்கும்," என்றார் லாரிக்காரர். "தாகம் எல்லாருக்கும் உண்டு."

தம்பி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மற்றபடி எலும்பும் தோலுமாக, ஆனால் திமிர் குறையாமல் இருந்தான்.

"என்னக்கா, தூக்கித் தரையில போட்டுட்டாங்களா உன்ன?"

"வாய் மட்டும் வத்தல உனக்கு. கன்னம் என்னடா இப்படி இருக்கு?"

"பல்லு. ராத்திரியெல்லாம் உயிர் போகுது. அது போகட்டும். என்னைப் படத்துல பார்த்தியா?"

"பார்த்தேன். தொட்டிகிட்ட நின்னியே. காலை வெயில்ல உன் நிழல் நல்லாத் தெரிஞ்சுது."

தம்பி யோசித்தான். "காலையிலயா? நான் வெயில் இறங்கினாத்தான் தொட்டிப் பக்கம் போவேன். அந்த நேரத்துல இங்க எவன் வெளிய நிப்பான், வறுத்துடாது?"

அவள் அதை அப்படியே விட்டாள். படத்தில் நிழல் என்று நாம் நினைப்பது சில சமயம் கட்டையாக இருக்கும், கல்லாக இருக்கும். தொழில் அனுபவம் அது. தொட்டியருகே கட்டையும் இல்லை, கல்லும் இல்லை என்பதை வரும்போது கவனித்திருந்தாள். அதையும் விட்டாள்.

"எல்லா வீட்டையும் போய்ப் பார்த்துக்கிறியே, அதுவரைக்கும் நல்லது," என்றாள்.

"எந்த வீட்ட?"

"தடம் போகுதேடா. அதோ." அவன் வாசலிலிருந்தே தெரிந்தது. எதிர்வீட்டுப் படி வரைக்கும் வெள்ளையாக, நேராக. அடுத்த வீட்டுக்கும். அதற்கடுத்த வீட்டுக்கும். எல்லாக் கதவிலும் பூட்டு.

"அதுவா? நான் எதுக்கு அங்க போகணும்? எதிர்வீட்டுக்காரனோட எனக்குப் பேச்சே கிடையாது. வரப்புச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரன் என் ஏணிய வாங்கிட்டுப் போனவன், ஊரை விட்டே போயிட்டான், ஏணி வரல. என் வீடு, தொட்டி, அவ்வளவுதான் நான். எழுந்து பார்த்தா மத்த தடமெல்லாம் புதுசா இருக்கும்."

"யாருடா நடக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் போயிட்டாங்க." கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒழுங்கீனத்தைக் குறை சொல்கிற தொனியில் சொன்னான்: "போனவங்க ஒழுங்காப் போகல. அவ்வளவுதான்."

படித்தவள் அல்லவா, பருந்தக்கா பயப்படவில்லை. குனிந்து தடத்தைப் பார்த்தாள். புழுதி மாவு மாதிரி இருந்தது. அதில் பாதச்சுவடு என்று ஒன்றுகூட இல்லை. மிதிபட்ட வெளுப்பு மட்டும் இருந்தது. எதிர்வீட்டுப் படியில் கை வைத்தாள். ஈரமாக இருந்தது. அதன் பிறகுதான், பயம் என்று சொல்ல முடியாது, உடனே கிளம்ப வேண்டும் என்ற நியாயமான எண்ணம் வந்தது.

"கிளம்பு. பல்லைப் பிடுங்கிட்டு வந்துடலாம்."

"நான் வந்துட்டா ஊர்ல ஆளில்லன்னு எழுதிடுவ. தண்ணி நின்னுடும். குடியிருப்புன்னு எழுது, வர்றேன்."

ஊரில் இருந்த ஒரே ஆளைக் கூட்டிக்கொண்டு போவதற்காக, ஊரில் ஆளிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் அவள் எழுதிய ஒரே பொய் அதுதான் என்று பிற்பாடு சொல்வாள். பொய்யாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பல் போயிற்று. இரண்டாவது நாற்காலிக்கு வேலை வந்தது. தம்பி டிவி பார்த்தான், குழாயைத் திறந்து மூடிப் பார்த்தான், மாடிப்படியைத் திட்டினான். ராத்திரி குறட்டை விட்டான். பல வருடத்துக்குப் பிறகு வீட்டில் இன்னோர் ஆள் மூச்சுவிடும் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு வாரம் என்று வந்தவன் இரண்டு மாதத்தைத் தாண்டினான். அடிக்கடி ஊர் நினைப்பு வரும், ஏணி நினைப்பும் வரும். இனிப் போகமாட்டான் என்றே அவள் நம்பத் தொடங்கினாள்.

அப்போது அடுத்த பருவத்துப் படம் வந்தது. புது மாதிரியை வைத்துக்கொண்டு, ஒருவர் கையும் படாமல், கம்ப்யூட்டர் மேட்டுநிலத்துச் சிற்றூரைக் குடியிருப்பு என்று தீட்டியிருந்தது.

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல். நடுவில் சிவப்புப் புள்ளிகள். வீட்டுக்கொரு புள்ளி, வாசலை ஒட்டி. யாரோ வாசலில் தண்ணீர் ஊற்ற, செடி முளைத்திருக்கிறது. அந்த மேட்டுநிலம் முழுவதிலும் வேறெங்கும் உயிர் இல்லை. கூர்மையான படத்தையும் வாங்கினாள். தடங்கள் முன்னைவிட அகலமாயிருந்தன. ஒரே ஒரு தடம் மட்டும் புழுதி மூடி மங்கியிருந்தது. அது தம்பி வீட்டுக்குப் போவது.

சராசரியிடம் ஓடினாள்.

"சார், இத கைவிடப்பட்டதுன்னு மாத்தணும். அங்க யாருமே இல்ல."

"போன தடவ இருக்குன்னு சண்டை போட்டது நீங்கதான மேடம்?"

"அப்போ தம்பி இருந்தான். இப்போ என் வீட்டுல இருக்கான்."

"ஒரு ஆள் போனா ஊர் காலியாகிடுமா? படம் இருக்குன்னு சொல்லுது, மெஷின் இருக்குன்னு சொல்லுது, நீங்களே நேர்ல பார்த்து எழுதிக் கொடுத்திருக்கீங்க. இப்போ இல்லங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"எனக்குத் தெரியும் சார்."

"அது ஆதாரம் இல்ல மேடம்," என்றார் சராசரி, கனிவாகவே.

தம்பியிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் மங்கிய தடத்தைக் காட்டினால், ஊர் உன்னை மறந்துவிட்டது, இங்கேயே இரு என்று சொல்லலாம் என்று நினைத்தாள். படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"இது யார் வாசல்?"

"எதிர்வீடு."

"செடி வெச்சிருக்கான்?"

"அங்க ஆளே இல்லடா."

"ஆளில்லாமலா செடி வரும்? பாரு, பக்கத்து வீட்டுக்காரனும் வெச்சிருக்கான். எல்லார் வாசல்லயும் இருக்கு, நம்ம வாசல்ல மட்டும் இல்ல." அவன் குரலில் பயம் ஒரு துளி இல்லை, பங்காளிக் காய்ச்சல்தான் இருந்தது. "என் பங்குத் தண்ணியையும் சேர்த்துல்ல ஊத்திக்கிறானுங்க! ஆள் இல்லன்னா எல்லாம் கேட்பாரத்துப் போயிடும்னு எனக்குத் தெரியும்."

"யாருன்னே தெரியாதவங்களோட போய் எப்படிடா இருப்ப?"

"தெரிஞ்சவங்களோட இருந்து என்ன கண்டேன்?" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தான். "நீதான் மேலேயிருந்து பார்த்துக்கிட்டே இருக்கியேக்கா. நான் நடக்கிறேன். நம்ம வாசல் தடம் தெரியற வரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு வெச்சுக்கோ."

லாரியில் ஏறிப் போய்விட்டான். இரண்டாவது நாற்காலிக்குத் துணிமணிகள் திரும்பி வந்தன.

அவள் படத்துக்குக் காத்திருந்தாள். வந்தது. தம்பி வாசலுக்குத் தடம் விழுந்திருந்தது, வெள்ளை வெளேரென்று. அங்கேயும் ஒரு சிவப்புப் புள்ளி. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்த முதுகு மறுபடி நிமிர்ந்தது. எதிர்வீட்டுத் தடமும் அப்படித்தான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தடமும். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. அந்த ஊரில் தடம் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தமில்லை என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தம்பி உயிரோடிருக்கிறான் என்பதற்கு அவள் கையில் இருந்த ஒரே சாட்சி, இல்லாதவர்களுக்கெல்லாம் அதே சாட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அலுவலக வளாகத்தில் லாரிக்காரரைப் பிடித்தாள். சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பியப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே மேடம்."

"வந்து திட்டினானா?"

"இந்தத் தடவ தொட்டிகிட்ட வரல. வாசல்லயே நின்னு கையாட்டினாரு."

"எந்த வாசல்ல?"

லாரிக்காரர் காற்றடிப்பதை நிறுத்தினார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல அவளைப் பார்த்தார்.

"எந்த வாசல்னு எப்படிச் சொல்றது? எல்லா வாசல்லயும்தான் ஆள் நின்னு கையாட்டினாங்க. வெயில்ல முகம் சரியாத் தெரியல, அதுல ஒருத்தரா இருப்பாரு." பிறகு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதலாகவே கேட்டார்: "நீங்கதான மேடம் குடியிருப்புன்னு எழுதினீங்க?"